ரசமட்டம்

யாகுட்ஸ்கில் ஜூன் பிறந்தால்
என் தொலைபேசிக்கு ஓய்வில்லை.
கதவு உரசுகிறது, கதவு கவ்வுகிறது,
கதவு தானாகத் திறந்துகொண்டு
நள்ளிரவில் நடைவழியை வேடிக்கை பார்க்கிறது.
குடியிருப்பு அலுவலகம் என்னை அனுப்பும்:
அகுலினா, பழுதுபார்ப்பு, இரண்டாம் பிரிவு.
பையில் திருப்புளி, உளி, மரப்பசை,
ஒரு பெட்டி தீக்குச்சி.
புகைப்பதில்லை நான்.

பெரும்பாலும் சின்ன நோய்தான்.
மேல் கீலின் திருகாணி
தன் துளையைத் தானே தின்று பெரிதாக்கியிருக்கும்.
பிடி விட்ட கனம்
கைப்பிடிப் பக்கமாய்த் தொங்கும்.
தரையில் கால்வட்டமாய் ஒரு கீறல்.
அதன் ஆழத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்
எத்தனை மாதம் பொறுத்துக்கொண்டார்கள் என்று.
குச்சிகளின் தலையைக் கிள்ளி,
பசையில் தோய்த்து, துளையை அடைத்து,
நீளத் திருகாணி ஒன்றை முடுக்கினால்
எழுந்து நிற்கும் கதவு,
வகுப்பில் பெயர் கூப்பிட்ட பிள்ளைபோல.

இன்னோகென்டியின் வீடு அப்படியில்லை.
பழைய மரவீடு, மேல்தளம்.
பேருந்துப் பணிமனையில் கணக்கர்,
ஒவ்வொரு சொல்லையும்
ரசீதுபோல் கிழித்துத் தருகிறவர்.
"கதவு கெட்டுவிட்டது. போன வருடமும் கெட்டது.
அதற்கு முந்தைய வருடமும்."
மேல் மூலை நிலையில் முட்டி நிற்கிறது.
பூட்டின் நாக்கு, துளைக்கு ஒரு விரற்கடை மேலே
வெறும் தகட்டை நக்குகிறது.
போன முறை வந்தவன் மூலையை இழைத்திருக்கிறான்.
முந்தி வந்தவனும்.
காதறுந்த குதிரையாகிவிட்டது.

கதவின் விளிம்பில் ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழி நடுவில் நின்றது, தூங்கும் மீனாக.
நிலையின் தலைக்கட்டையில் வைத்தேன்.
கீல் பக்கம் ஓடிற்று குமிழி.
இன்னொருமுறை வைத்தேன். இன்னொருமுறை ஓடிற்று.

"கதவு நேராகத்தான் இருக்கிறது.
வீடுதான் இறங்குகிறது, அந்தப் பக்கம்."

அவர் படிவத்தை எடுத்து மூக்குக்கண்ணாடி மாட்டினார்.
கதவு, ஜன்னல், குழாய், மின்சாரம், இதர.
"எதில் குறிக்க?"
எங்கள் காலுக்கடியில்
யாரும் பிறக்குமுன் உறைந்துபோன மண்
இளகிக்கொண்டிருந்தது,
எந்தக் கட்டத்துக்குள்ளும் வராமல்.

நிலை என்கிறோம்.
நிற்கிறதா என்று கேட்பதில்லை.

தொங்கும் கதவை நிமிர்த்துவது என் பிழைப்பு.
இருபது வருடத்தில் முதல்முறை
நிமிர்ந்து நின்ற ஒன்றைத் தொங்கவிடப் போனேன்.
கீழ்க் கீலை மரத்துக்குள் ஒரு நூல் இறக்கினேன்.
மேல் கீலுக்குப் பின்னால்
ஒட்டுக் கொடுக்க அட்டை தேடினேன்.
பையில் இல்லை.
அவர் படிவத்தை நான்காய் மடித்து நீட்டினார்.
சிரிக்கவில்லை.
தடிமன் கச்சிதமாக இருந்தது.

கதவு சரிந்தது,
நிலை எவ்வளவு சரிந்ததோ அவ்வளவு.
கோணலும் கோணலும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு
"களுக்" என்று நாக்கு துளைக்குள் விழுந்தது.
ஏழு முறை திறந்து சாத்தினார் இன்னோகென்டி.
எட்டாம் முறைக்கு உள்ளிருந்து குரல்:
"கொசு வருகிறது, போதும்!"

கதவின்மேல் மறுபடி ரசமட்டம் வைக்கவில்லை நான்.
தெரிந்ததைக் குமிழியிடம் கேட்பானேன்.

"எத்தனை நாள் தாங்கும்?"
"மண் இறுகும்வரை. அக்டோபரில் வருகிறேன்.
அப்போது அந்த ஒட்டை எடுக்க வேண்டியிருக்கும்,
இல்லை இன்னொன்று சேர்க்க வேண்டியிருக்கும்."
யோசித்தார்.
"அதற்கு நகல் எடுத்து வைக்கவில்லையே."

கையெழுத்துப் போட வேறு காகிதம் இல்லாததால்
கீலுக்கு மேலே, மரத்திலேயே
பென்சிலால் தேதி எழுதினேன்.
அவரும் கீழே கையெழுத்திட்டார்,
தேதியைச் சரிபார்த்த பிறகு.

இறங்கும்போது, கீழ்வீட்டுக் கதவு
யாரும் தொடாமல் மெல்லத் திறந்தது.
உள்ளே அடுப்பில் ஏதோ கொதிக்கிற வாசனை.
ஒரு பெண் கரண்டியோடு எட்டிப் பார்த்து,
என்னை, என் பையை,
பிறகு கதவைப் பார்த்தாள்.