விபரம்

அடகுச் சீட்டில் 'விபரம்' என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்.
அதற்குள் நான் எழுதலாம்:
தோடு, சோடி ஒன்று, கல் வைத்தது,
நாலு கிராம் சொச்சம், கல் எடை கழித்து.
எழுதக் கூடாதது, மற்ற எல்லாம்.

களுவாஞ்சிகுடிக் கிளையில் பதினொரு வருடம்.
உரைகல்லில் இழுத்த கோடு
அமிலத் துளியின் கீழே
அழியாமல் நின்றால் பொன்.
அதற்குமேல் வெளிச்சத்தைப் பற்றி
வங்கிக்கு அக்கறை இல்லை.

எனக்கு இருந்தது.
மத்தியானம் கவுண்டர் காலியாகும்போது
பாவித்த வைப்புச் சீட்டின் முதுகில் எழுதிப் பார்ப்பேன்:
பளபளப்பு தேய்க்கத் தேய்க்க வருவது,
கல்முனை பஸ்ஸின் கைப்பிடிக் கம்பி மாதிரி.
பளீர் ஒரே ஒரு தரம்,
பிறகு கண்ணுக்குள் பச்சைப் புள்ளி.
தகதகப்புக்குச் சூடு உண்டு, தொடத் தேவையில்லை.
மினுமினுப்பு ஈரத்தோடு வரும்,
செத்து ஒரு மணித்தியாலம் ஆகாத
கீரி மீனின் வயிற்றில்.
இலங்குதல் என்றும் ஒன்று கிடக்கிறது,
நாட்டின் பெயருக்குப் பக்கத்து இருக்கையில்,
ஒருவரும் எழுப்பாமல்.
ஜொலிப்பை மட்டும் வெட்டிவிட்டேன்.
புடவைக்கடை ஒலிபெருக்கி
அதைச் சப்பித் துப்பி முடித்தாயிற்று.

நேசமலர் தோட்டைக் கழற்ற வந்த நாள்
இடது காதில் சுரை இறுகிக் கிடந்தது.
சவர்க்காரம் போட்டுத்தான் கழற்றினா.
"இருட்டிலயும் மினுங்கும் தம்பி, லேசா நினையாதீங்க.
மறுகா வந்து எடுப்பன்."
கல் வெறும் கண்ணாடி. நான் சொல்லவில்லை.
கை தன்பாட்டில் எழுதியது:
தோடு, சோடி ஒன்று, மினுங்கும் கல்.

கொழும்பிலிருந்து வந்த கணக்காய்வாளர்
பக்கத்தில் நின்றவரிடம் அர்த்தம் கேட்டு
அந்தச் சொல்லுக்குக் கீழே சிவப்பால் கோடிட்டார்.
"இது எத்தனை கிராம்?"
பெட்டகம் திறந்து பொட்டலம் பிரித்தோம்.
குழல் விளக்கின் கீழே
ஊத்தை பிடித்த இரண்டு கல்.
ஒன்றும் மினுங்கவில்லை.
விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.
'இரக்கத்தால்' என்று எழுதி, வெட்டி,
'கவனக்குறைவால்' என்று ஒப்பமிட்டேன்.

மாசியில் வந்தா, வேளாண்மை வெட்டிய காசோடு.
நோட்டுகளை எண்ண எண்ண
மேசையில் உமித்தூசு.
தோட்டை ஊதினா, முந்தானையில் துடைத்தா,
என் கவுண்டர்க் கண்ணாடியில் முகம் பார்த்துப் போட்டா.
இடது காது ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தது.
பின்னால் வரிசை இருமியது.
கையெழுத்துக்கு நீட்டிய அலுவலகப் பிரதியை
எழுத்துக்கூட்டி வாசித்தா.

"ஏன் தம்பி, இந்தச் சொல்லுக்குக் கீழ கோடு?"

"முக்கியமான சொல்லுக்குப் போடுறது."

"அது சரிதானே" என்றபடி
பேனையை வைத்துவிட்டுக் கிறுகினா.
வாசலில் வெயில் அவவைப் பிடித்த இடத்தில்,
காதோரம், சின்னதாய் ஒரு

வைப்புச் சீட்டைத் தேடினேன்.
அதற்குள் அடுத்த ஆள்
சங்கிலியைத் தராசில் வைத்தாயிற்று.