நாற்பத்துமூன்றாவது

பீளமேட்டில் ஓடுபாதையை ஒட்டிய ஷெட்டில்
என் பெட்டி.
கறுப்பு ஸ்பாஞ்சில் நாற்பத்திரண்டு பள்ளங்கள்,
ஒவ்வொன்றும் அதனதன் சாவியின் உருவில்.
ஒன்று வெளியே தங்கிவிட்டால்
பள்ளம் வாயைத் திறந்து சொல்லிவிடும்.

எஞ்சினின் பின்பக்கத்தில் ஆறு நட்டு.
அவற்றுக்கு எட்டும் கருவி
கடல் தாண்டி வரப் பதினொரு வாரம் என்றார்கள்.
"அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா" என்றார் ஷிப்ட் மேலாளர்.
அதை மட்டும் எழுத்தில் தரவில்லை.

ஆவாரம்பாளையத்தில் வெள்ளிங்கிரியின் லேத்துப் பட்டறை.
"எதுக்குங்க இது?"
"பம்பு செட்டுக்கு."
இந்த ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.
அவர் கேட்டார்.
"எத்தன டைட்டு தாங்கோணுமுங்க?"
எண் எனக்கு மனப்பாடம்.
சொன்னால் பம்பு இல்லையென்று தெரிந்துவிடும்.
"ஓரளவுக்கு" என்றேன்.

ஈ.என். எட்டுத் துண்டை நீட்டி, வளைத்து,
அறுகோணம் குடைந்து,
ஓரத்தில் 'வெ' என்று பஞ்சு வைத்து ஒரு தட்டு.
"நம்ம ஜாமான்னு தெரியோணுமில்லீங்க."
முந்நூற்றைம்பது ரூபாய்.
பில் வேண்டாமென்றேன்.

நல்ல கருவி, அதையும் சொல்லியாக வேண்டும்.
விரல் நுழையாத இடத்தில் நுழைந்தது.
பதினொரு வாரம் கடந்தும் அசல் வரவில்லை.
யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.
ஸ்பாஞ்சில் அதற்குப் பள்ளமில்லை,
என் பேண்ட் பாக்கெட்டில் குடியிருந்தது.

அன்று விடியுமுன்
சௌடேஸ்வரி டார்ச்சடித்து எண்ணினாள்.
"நாப்பத்திரண்டு. செரிங்கண்ணா."
கையெழுத்துப் போட்டேன்.
பொய்யில்லை.
ஒரு பள்ளமும் காலியில்லை.

ஐந்து பத்துக்கு ஹோப் காலேஜ் முனையில் டீ.
சில்லறைக்குப் பாக்கெட்டில் கைவிட்டேன்.
சில்லறை இருந்தது.

ஐந்து ஐம்பதுக்கு மும்பை விமானம்.
தொலைந்தது என்று சொல்ல வேண்டுமானால்
இருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும்.
வீட்டுக்கடன், பன்னிரண்டு வருடச் சர்வீஸ்,
கிளாஸில் ஆடை கட்டும் டீ.
அவிநாசி ரோட்டில் முதல் பஸ் காலியாகப் போனது.
நான் எத்தனை நிமிடம் நின்றேன் என்று
விசாரணையில் கேட்டார்கள்.
நான்கு என்றேன்.
ஏழு.

"சௌடேஸ்வரி, ஒரு டூல் காணோம்."
"எண் சொல்லுங்கண்ணா."
"எண் இல்ல."
போனில் தூரத்து ஜெனரேட்டர் சத்தம் மட்டும்.
பிறகு,
"என்னன்னு எழுதட்டுங்?"
பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.
படிக்கட்டு எடுத்தபிறகும் விமானத்தை நிறுத்திவிட்டாள்,
என் தங்கை வயதுக்காரி, ஒப்பந்தச் சம்பளம்.

கண்ணாடிக்குப் பின்னால் நூற்றெழுபது முகங்கள்
கடிகாரம் பார்த்தன.
எஞ்சின் மூடியைத் திறந்தோம்.
கீழ் மடிப்பில், எரிபொருள் குழாயின் தோளில் சாய்ந்து,
கிடத்தி வைத்ததுபோல் அது.
'வெ' மேல்நோக்கி.

அத்தோடு முடிந்திருக்கலாம்.
தரக்கட்டுப்பாட்டு எமல்டா மேடம்
அதைக் கையில் உருட்டிப் பார்த்தார்.
"எவ்வளவு நீளம்?"
யாரும் அளந்ததில்லை.
ரென்ச்சு 'டக்' என்றால் போதும் என்றிருந்தேன்.
நீட்டிய இரும்பு ரென்ச்சின் கணக்கையும் நீட்டும்;
முதல் வருடப் பாடம், பரீட்சையில் எழுதியது.
ஆறில் ஆறும் அளவு மிஞ்சிய முறுக்கு.
ஒன்றின் மரையில் மயிரிழை விரிசல்.

பாக்கெட்டிலேயே அது இருந்திருந்தால்
டீ குடித்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

மூன்று மாதத்தில் அது தொட்ட விமானங்கள் ஒன்பது.
ஒவ்வொன்றாய் இறக்கிப் பார்க்கிறார்கள்.
படிவத்தில் 'தயாரிப்பாளர்' என்றொரு கட்டம்.
அதில் என் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.

நேற்று வெள்ளிங்கிரி போன் செய்தார்.
வேலை கொடுத்தவர்களை அவர் மறப்பதில்லை.
"பம்பு ஓடுதுங்களா?"
அவர் பட்டறைக்கு மேலே ஏதோ தாழப் பறந்தது.
இரைச்சல் அடங்கட்டுமென்று
இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.