படிவம் 7-ஆ

மஞ்சக்குப்பம் கல்லூரி, மாடியறை.
எழுத்துப் பயிற்சி, முதல் பருவம்:
தரம் பார்க்க வந்திருக்கிறேன், பயணப்படியோடு.

அறுபத்து மூன்று படிவங்கள்.
நாற்பதில் ஐந்துக்கு ஐந்து,
ஒரே பச்சை மை, ஒரே கை.
மற்றதில் மூன்று, மூன்று, மூன்று.
ஒருத்தி மட்டும், "சார் ரொம்ப அடிக்கிறார்."
பிள்ளைகளையா, வரிகளையா? சொல்லவில்லை.

சோனாங்குப்பம் தமிழ்வேந்தன்
எண்களைத் தொடவேயில்லை.
படிவத்தோடு குத்தி வைத்திருக்கிறான்
ஆட்சியருக்கு ஒரு மனு, நான்காம் வரைவு.
"மேன்மை பொருந்திய" அடித்திருக்கிறது.
"தாழ்மையுடன் பணிந்து" அடித்திருக்கிறது.
மிச்சம்:
"எங்கள் தெருக் குழாயில் உப்புத் தண்ணீர்.
பதினோரு நாளாயிற்று.
மீன் ஐஸ் உருகிய தண்ணீரில்
அம்மா உலை வைக்கிறாள்."

ஓரத்தில் சிவப்பு: "எத்தனை குடம்?"
அதன் கீழே பென்சில்:
"மூன்று. ஞாயிறன்று நான்கு, அக்கா வருவாள்."

என் அறிக்கையின் முதல் வரி:
"மேற்படி பாடமானது ஒட்டுமொத்தமாகத்
திருப்திகரமாக அமைந்துள்ளதாகக் கருதப்படுகிறது."

யாரால்?

விழுப்புரம் பஸ் ஆறே காலுக்கு.
"மேற்படி"யை அடித்தேன்.
"ஒட்டுமொத்தமாக" போனது.
"கருதப்படுகிறது" போனது.
தாளில் இப்போது "பாடம்" மட்டும் நிற்கிறது.
முதலாளிப்பேட்டைக்காரர் யாரோ
கீழே கேட்டைப் பூட்டும் சத்தம்.
"சார், இன்னும் முடியலையா?"