முப்பத்தாறு புள்ளி எட்டு

காலை எட்டுக்கு ஒருமுறை, இரவு எட்டுக்கு ஒருமுறை
நாக்கின் அடியில் வெப்பமானி.
அது கீச்சிட்டதும் எண்ணைச் சொல்கிறேன்.
தொலைபேசியின் மறுமுனையில் கோவல்சுக் எழுதிக்கொள்கிறாள்.
வெளியே வின்னிபெக், சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
உள்ளே நான், முப்பத்தாறு புள்ளி எட்டு.
நடுவில் நிலக்கீழ் அறையின் சன்னல்,
அதில் பாதிக்கு மேல் பனி.

வீட்டுக்காரன் கதவுக்கு அப்பால் நின்று கேட்டான்,
காற்றில் வருமா என்று.
வராது என்றேன்.
காய்ச்சல் தொடங்காத உடம்பிலிருந்து
அது ஒருவரிடமும் போவதில்லை.
வாந்தி, கழிச்சல், குருதி, வேர்வை,
ஈரத்தில் ஏறித்தான் பயணம்.
இத்தனை வல்லமையும்
ஒரு துண்டு சவர்க்காரத்துக்கு முன் நிற்காது.
"அப்ப பயமில்லை" என்றான்.
மறுநாள் என் சாப்பாட்டுக் கிண்ணத்தை
பனி அள்ளும் சவளால் தள்ளி வைத்துவிட்டுப் போனான்.

அவனிடம் சொல்லாதது ஒன்று:
அன்பு போகிற பாதை அதற்கு மனப்பாடம்.
முதலில் ஒரு தாய்.
பிறகு தாயின் வாயைத் துடைத்தவள்.
பிறகு அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டிய நாலு பேர்.
மூச்சு நின்ற உடம்பில்தான் அது நிறைந்து கிடக்கும்.

தொடுதலும் தொற்றுதலும் ஒரே எழுத்தில் தொடங்குவதை
கினியாவில்,
கையுறைக்கு மேல் கையுறை போட்ட ஒரு மதியம் கவனித்தேன்.
அப்போது ஃபிண்டா என் விரலைப் பிடித்திருந்தாள்.
பதினொரு வயது.
என்னில் அவளுக்குத் தெரிந்தவை இரண்டு கண்களும்
மார்பில் மையால் எழுதிய "யாழினி"யும்.
வாசிக்கத் தெரியாத எழுத்தைக் காட்டிக் காட்டி
என்னைத்தான் கூப்பிடச் சொல்வாள்.

அவளுக்கு இரத்தம் வரவேயில்லை.
நோயின் பெயரில்தான் இரத்தம்.
மலேரியாபோல வந்தது: தலையிடி, தொண்டைநோ, உளைவு.
பிறகு உடம்பின் நீரையெல்லாம் வழித்துக்கொண்டு போனது.
ஏழாம் நாள் சேலைன் எத்தனை போத்தல் என்று கேட்டால் சொல்வேன்.
எட்டாம் நாள் கட்டில் கழுவியிருந்தது.
குளோரின் மணம்.

பதின்மூன்றாம் நாள் அதிகாலை
முகம் கழுவக் குனிந்தேன்.
வெள்ளைத் தொட்டியில் ஒரு துளி, சிவப்பு.
இன்னொன்று.

எனக்குத் தெரியும், முதலில் வருவது இரத்தமல்ல, காய்ச்சல்.
இதையே அறுபது பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.
கையெழுத்துப் போடக்கூடத் தெரியும் அந்தப் பாடத்தின் கீழ்.
ஆனாலும் முழங்கால்கள் அந்த வகுப்புக்கு வந்திருக்கவில்லை.
குளியலறைத் தரையில் அமர்ந்து
வெப்பமானி கீச்சிடும் வரைக்கும்
ஓடுகளை எண்ணினேன்.

முப்பத்தாறு புள்ளி எட்டு.

எட்டு மணிவரை பொறுக்கவில்லை, எழுப்பினேன்.
கோவல்சுக் எல்லாவற்றையும் கேட்டாள்.
கொஞ்சம் யோசித்தாள்.
"ஹீட்டர் எந்நேரமும் ஓடுதா?"
ஓடுது.
"ஹியூமிடிஃபையர் வச்சிருக்கிறியா?"
இல்லை.
"இந்த ஊர் மாரியில எல்லாருக்கும் மூக்குடையும், பிள்ளை.
எண்ணெய் கொஞ்சம் பூசு.
ராத்திரி எட்டுக்குக் கதைப்பம்."

இருபத்திரண்டாம் நாள், ஆறு உடுப்புகளுக்குள் நுழைந்து
கடைக்கு நடந்தேன், அந்தக் கருவி வாங்க.
காசாளர்ப் பையன், முகப்பரு, தூக்கக் கண்,
மீதிச் சில்லறையை என் உள்ளங்கையில் வைத்தான்.
விரல் நுனிகள் பட்டன.
ஒன்பது வாரத்துக்குப் பிறகு
தோல்.

எவ்வளவு நேரம் கையை நீட்டியபடி நின்றேனோ.
வரிசையில் பின்னால் நின்றவர்
நகரச் சொல்லக் கூச்சப்பட்டு
"சாரி" என்றார்.