அயற்சாவி

மூன்றாம் மாடியில் குழாய் வெடித்த இரவு
ரீகாவில் பூச்சியத்துக்குக் கீழே இருபத்தொன்று.
பதினான்காம் வீட்டுக்காரி மகள் பிரசவத்துக்காக
வால்மியராவில்.
கதவை உடைப்பதற்குள்
கீழ்வீட்டுப் பியானோ ஊறி உப்பிவிட்டது.

யார் சாவி யாரிடம் என்று
ஒரு செயலி வேண்டும் என்றது குடியிருப்போர் கூட்டம்.
நான் எழுதுகிறேன் என்றாள் இருபத்திரண்டாம் வீட்டு சனிதா.
கூலி வேண்டாம், சைக்கிள் நிறுத்த இடம் போதும்.

முதலில் இரண்டு அட்டவணை போட்டாள்:
குடியிருப்போர், சாவி வைத்திருப்போர்.
இரண்டிலும் அதே பெயர்கள், அதே மாடிகள்,
அதே எழுத்துப் பிழைகள்.
ஒன்றை அழித்தாள்.
மிஞ்சியதில் ஆளுக்கொரு கட்டம்,
அதே அட்டவணையின் இன்னொரு வரிசையைச் சுட்ட.

சட்டகம் சிவப்பில் முறைத்தது:
"சாவிதாரர் என்றொரு வகுப்பு இங்கே இல்லை."
ஒரே வரியில் பதில் எழுதினாள்:
தனி வகுப்பெல்லாம் கிடையாது,
அவரும் இங்கே குடியிருப்பவர்தான்.

அந்தக் கட்டத்தின் பெயர் அயற்சாவி.
அயல் என்றால் கடல் தாண்டிய நாடு,
சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிறவரும்.

உறவு ஒன்று, திசை இரண்டு.
என் சாவி யாரிடம்? ஒருவரிடம்.
என்னிடம் யார் யார் சாவி?
ஒன்பதாம் வீட்டு ஐனார்ஸிடம் பதினொன்று,
அதில் ஒன்று சனிதாவுடையது.
டிராம் ஓட்டுகிறவர். கடைசி வண்டியைக் கொட்டகையில் விட்டு
வீடு வரும்போது மணி இரண்டு.

சோதித்துப் பார்த்தால் பக்கம் பன்னிரண்டு என்கிறது.
தேடினாள்.
வரிசை: ஒன்பது. அயற்சாவி: ஒன்பது.

தன்னைத் தானே சுட்டக் கூடாது.
விதி இரண்டே வரி, எழுதிவிட்டாள்.
பிழைச் செய்தியில்தான் கை நின்றது.
"உங்களுக்கு நீங்களே அயலார் ஆக முடியாது."
அழித்தாள்.
"வேறு யாராவது?"
அதையும்.

மாடிப்படியில் கேட்டபோது
ஐனார்ஸ் கையுறையைக் கழற்றாமலே சொன்னார்:
"காலியாக விட்டேன். சேமிக்க மாட்டேன் என்றது."

பிழை அவளுடையது.
கட்டாயமில்லை என்ற ஒரு சொல்லை விட்டிருந்தாள்.
சேர்த்தாள்.
ஒன்பதின் கட்டம் வெறுமையாயிற்று,
எந்தச் சிவப்பும் இல்லாமல்.

மார்ச் கடைசி, பனி சேறாகிக் கொண்டிருந்தது.
இரவு இரண்டு பத்துக்கு ஒரு வரிசை மாறியதாகப் பதிவேடு சொன்னது:
ஒன்பதின் கட்டத்தில் இருபத்திரண்டு.

காலையில் அவள் தபால் பெட்டியில்
பழைய டிராம் சீட்டில் சுற்றிய சாவி.
சீட்டின் பின்புறம் பென்சிலில்:
"பூட்டு கொஞ்சம் ஒட்டும்.
கதவை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்துத் திருப்பவும்."