கடல் வர நாலு பத்தாகும்

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பயணச்சீட்டு.
ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லும்,
சேர்ந்து போனால்தான் மலிவு.
ஹாம்பர்க்கிலிருந்து குக்ஸ்ஹாஃபன் வரை
ஆப்பிள் தோட்டம், ஆப்பிள் தோட்டம், ஒரு அணு உலை,
மறுபடி ஆப்பிள் தோட்டம்.

ஜன்னலோரம் நொமுன்டாரி.
மங்கோலியாக்காரி. இருபத்துமூன்று வயதில் முதல் கடல்.
சட்டைக்குள் புது நீச்சலுடை,
விலைச்சீட்டு முதுகில் உறுத்த உறுத்த.
கிழிக்க மாட்டாளாம்,
பிடிக்காவிட்டால் கடையில் திருப்பித் தரவேண்டுமே.
நீச்சலுடையா, கடலா என்று நான் கேட்கவில்லை.

எதிரில் நைரா, பொலிவியா.
"எங்களுக்குக் கடற்படை உண்டு, கடல்தான் இல்லை"
யாரும் சிரிக்கும் முன் தானே சொல்லித் தானே சிரித்துவிடுவாள்.
ஆறரைக்கு அவளுக்குப் பார்சல் கிடங்கில் வேலை.
மூன்று நாற்பத்துநாலு ரயிலை விட்டால் சம்பளம் போச்சு.
எனக்குத் திங்கட்கிழமை மண்ணியல் மறுதேர்வு.
புத்தகம் பைக்குள். பை மடியில்.

கரைக்குப் போகும் வழியில் ஒரு மரக்கூண்டு.
கடலைப் பார்க்க வரி, தலைக்கு மூன்றரை யூரோ.
கட்டினோம்.
மேடேறினோம்.
கடல் இல்லை.

சற்றுத் தள்ளி இருந்தது என்றில்லை,
இல்லவே இல்லை.
சாம்பல் சேறு, வானம் தொடும் வரை.
அதன்மேல் ஒரு குதிரை வண்டி
எங்கோ இருக்கும் தீவுக்குப் பயணிகளோடு
நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

கூண்டுக்குத் திரும்பினேன்.
என் ஜெர்மனில் வினைச்சொல் எப்போதும்
கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும், தமிழ்ப் பழக்கம்.
"கடல் எங்கே போயிருக்கிறது?"
கேஷெ என்று சட்டையில் பெயர் குத்திய பெண்
குறுக்கெழுத்திலிருந்து நிமிராமல் சொன்னாள்:
"வெளியே. நாலு பத்துக்கு வரும்."
"எங்கள் பணம்?"
"அது வராது."

கோபத்தில் எனக்குக் கொக்கு ஞாபகம் வந்தது.
கடல் வற்றிக் கருவாடு தின்னலாம் என்று
உடல் வற்றிச் செத்த கொக்கு.
கருவாட்டுக்கு ஜெர்மன் சொல் தெரியாமல்
"உப்பில் காய்ந்த, வேண்டுமென்றே காயவைத்த மீன்" என்று
தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன்.
கேஷெ முதல்முறை நிமிர்ந்தாள்.
"முட்டாள் பறவை. இங்கே வந்திருக்கலாமே.
நாளைக்கு இரண்டு முறை வற்றுகிறதே."

அவள் சொன்னது மெய்தான்.
சிவப்பு அலகுப் பறவைகள் சேற்றைக் குத்திக் குத்தி
நூல் நூலாய்ப் புழு இழுத்துக்கொண்டிருந்தன.
ஒன்றுகூட மெலியவில்லை.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினோம்.
சேறு கணுக்காலைப் பிடித்து, யோசித்து, பிறகு விட்டது.
குட்டையில் விரல் தொட்டு நாக்கில் வைத்தாள் நொமுன்டாரி.
"உப்புத் தேநீர்" என்றாள், "பால் இல்லாமல்."
ஹெரிங் மீன் வைத்த பன்னை
என் கையிலிருந்தே ஒரு கடற்புறா பிடுங்கிப் போனது.
இதற்கு மேல் வழிகாட்டி இல்லாமல் போகாதே
என்ற பலகையருகே நின்றோம்.
அப்பாவுக்கு அவள் படம் அனுப்பினாள்.
பதில் வந்தது: கடல் எங்கே?

மூன்று மணி இருக்கும்.
காலடியில் ஒரு சிறு கால்வாய், ஒரு முழ அகலம்,
அதுவரை எங்களைவிட்டுப் போய்க்கொண்டிருந்த தண்ணீர்
நின்றது.
பிறகு கரையைப் பார்த்துத் திரும்பியது.
சத்தமில்லை. நுரையில்லை.
வீட்டுச் சாவியை மறந்தவர் போல ஒரு திரும்பல்.
நொமுன்டாரி அப்படியே மண்டியிட்டாள்
(நீச்சலுடையை இனி எந்தக் கடையும் வாங்காது).
நைரா குறுக்கே தன் பாதத்தை வைத்து அடைத்தாள்.
குதிகாலில் முட்டிக் கொஞ்சம் உயர்ந்தது நீர்.
ஒரு நிமிடம், அதற்குச் சற்றுக் குறைவாக,
பொலிவியாவுக்குக் கடல் இருந்தது.

பிறகு ஓடினோம், முழங்கால்வரை சேறோடு,
ஒரே பயணச்சீட்டு மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு.
நடைமேடையில் மூச்சு வாங்க நிமிர்ந்தால்
அறிவிப்புப் பலகை: நாற்பது நிமிடம் தாமதம்.

பெஞ்சில் உட்கார்ந்தோம்.
அங்கிருந்து கடல் தெரியாது,
ஒரு சைக்கிள் கடையும் இரண்டு கிரேனும்தான்.
மேலே வட்டக் கடிகாரம்.
நைரா கிடங்குக்கு அனுப்ப ஏதோ எழுதி, அழித்தாள்.
நாலு ஒன்பது.
முழங்காலில் காய்ந்த சேறு வெடிக்கத் தொடங்கியிருந்தது.
நாலு பத்தானபோது
மூவரும் பேச்சை நிறுத்தினோம்.