இண்டைக்கு எவ்வளவு?

மஃரிபு பாங்கு முடிய முந்தி
முன்வாசல் லைட்டை நூர்த்துப் போடணும்.
அது முதல் வேலை.

கதவுக்குக் கீழ ஈரச் சாக்கு.
ஜன்னல் நீக்கலுக்கெல்லாம்
வெட்டி மிஞ்சின வெள்ளைக் கந்தல்.
மேல இருக்கிற காத்து ஓட்டைக்கு
பிஸ்கட் பெட்டி மட்டையைப் பிடிச்சு
டேப் ஒட்டினது றிஸ்லா.
மட்டையில ஒரு பூனையும் கீறியிருக்கிறாள்,
பூச்சிகள் பயப்படுமாம்.

பயப்படுறதில்ல.
எள்ளை விடச் சின்னன், பச்சை.
நாலு நாளாக் கபிலமும் சேந்து வருது.
தேத்தண்ணிக்குள்ள, காதுக்குள்ள,
தொழுகைப் பாயில,
ஊசி இறங்கப் போற இடத்தில சரியா.

ஜனவரியில சம்மாந்துறைக்கு
ரெண்டும் ஒண்டாத்தான் வரும்.
வட்டையில கதிர் பால் பிடிக்கும்,
பள்ளிக்கூடம் திறக்கும்.
பதினேழு வெள்ளைக் கவுன்,
ஒன்பது சேட்டு,
பர்தா எண்ணவேயில்ல.
பகலில தையன் எண்டு சொல்லுறா பஜீனா.
பகலில மாமிட கால்புண்ணை ஆரு கழுவுற?

துணியில குந்தினா அடிக்கப்படாது.
அடிச்சாப் பச்சை.
தட்டினாலும் பச்சை.
ஊதணும்,
சுடுதேத்தண்ணிக்கு ஊதுற மாதிரி, மெதுவா.
ஒரு ராவு மெஷினையும் என்னையும்
நுளம்பு வலைக்குள்ள போட்டுத் தைச்சுப் பாத்தன்.
நுளம்புக்குச் சின்னனான கண்
இதுகளுக்கு வாசல்.
உள்ள வந்ததுகள் வெளிய போக வழி தெரியாம
என்னோடயே இருந்திச்சு விடியுமட்டும்.

கடைசியில
கிணத்தடியில ஒரு குண்டு பல்ப்,
அதுக்குக் கீழ சவர்க்காரத் தண்ணிப் பேசின்.
வீட்டை இருட்டாக்கி
கிணத்தை வெளிச்சமாக்கினன்.
பாதி அங்க போகும்.
மத்தப் பாதிக்கு நான்.

ஒன்பதரைக்கு வாடியில இருந்து போன்.
சாப்பிட்டயா எண்டெல்லாம் இல்ல.
"இண்டைக்கு எவ்வளவு?"

டோர்ச்சோட போய்
சிரட்டை அகப்பையால அள்ளிப் பாப்பன்.
எண்ண ஏலுமா?
"ஒரு தேக்கரண்டி" எண்டன் முதல் நாள்.
பிறகு அரைச் சுண்டு.
"பச்சை கூடவா, கபிலம் கூடவா?"
"கபிலம்."
அதுக்குப் பிறகு அவர் கதைக்கல்ல.
தூரத்தில ஒரு யானைவெடி மட்டும்.
ஏழு ஏக்கர்.
பேங்கில கிடக்கிற என்ட ரெண்டு சோடிக் காப்பு.
நான் துரத்துற பூச்சியை
அவர் என்னிட்டக் கேட்டுத்தான் அறியிறார்.

வியாழக்கிழமை வட்டை முழுக்க மருந்தடிச்சாங்க.

வெள்ளி ராவு
பேசின் தண்ணியில பல்ப் அப்படியே தெரிஞ்சிது.
ஒரு கால், ஒரு செட்டை இல்ல.
நாலு கவுன் தைச்சு முடிச்சன்,
ஒருக்காலும் ஊதாம.
டியூப் லைட்டடியில மூணு பல்லியும்
வந்து நிண்டு பாத்துட்டு
ஒண்டன் பின்னால ஒண்டாப் போயிட்டு.
பூனை மட்டை வழியா
ஒரு வாசம் வந்திச்சு,
இனிப்பும் இல்லாத கசப்பும் இல்லாத ஒண்டு.
சாக்கை இன்னும் நெருக்கி வச்சன்.
அதுக்குச் சாக்கு ஒண்டும் செய்யல்ல.

"இண்டைக்கு எவ்வளவு?"
"ஒண்டுமில்ல."
சிரிச்சார்.
சிரிப்பு இருமலாகி
நிக்க நேரமெடுத்திச்சு.
"நீங்களும் அடிச்சயளா? மூக்குக்குக் கட்டினயளா?"
"கட்டின, கட்டின."
கட்டல்ல எண்டு விளங்கிச்சு.

விடியச் சைக்கிள் சத்தம் கேக்க
நான் கிணத்தடியில நிண்டன்.
உள்ள விடல்ல.
சேட்டையும் சாரனையும் அங்கயே கழட்டச் சொல்லி
பேசினில போட்டன், அதே தண்ணியில.
"பூச்சியப் போல என்னையும் நிப்பாட்டிட்டாய்"
எண்டுக்கிட்டே வாளியைத் தூக்கித் தலையில ஊத்தினார்.

திங்கக்கிழமை பஜீனாட மகளுக்குக் கவுனைக் குடுத்தன்.
புரட்டிப் புரட்டிப் பாத்து
கரையில, மடிச்சுத் தைச்ச இடத்தில
ஒரு பச்சைப் புள்ளியைக் கண்டுபிடிச்சிட்டாள்.
அம்பது ரூபா குறைச்சன்.